விலக்குவது பாதி வைத்தியம்

(நினைவு அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



அறக்கட்டளைப் பொழிவு என்றால் இலக்கியமோ கல்வெட்டோ பேசுவதுதான் வழக்கம். குடலைப் பற்றிப் பேச ஒருவனை மேடையேற்றிய குழுவினரின் துணிச்சலை முதலில் பாராட்டிவிடுகிறேன். நம்மில் பலர் இதைப் பற்றி வீட்டில்கூட வாய்திறப்பதில்லை. புறநோயாளர் பிரிவுக்கு வந்தும் 'கேஸ் டிரபிள்' என்ற இரண்டு சொல்லுக்குள் பத்தாண்டுத் துன்பத்தை மடித்து வைத்துவிடுகிறார்கள். கையில் ஒரு தடித்த கோப்பு இருக்கும். ஸ்கேன் நார்மல், எண்டோஸ்கோபி நார்மல், ரத்தப் பரிசோதனை நார்மல். வயிறு மட்டும் நார்மலாக இல்லை.

மருத்துவர்கள் சீட்டில் ஐபிஎஸ் என்று எழுதும் எரிச்சல் குடல் நோயைத்தான் இன்றைய பொருளாக எடுத்துக்கொண்டிருக்கிறேன். நான் சொல்ல வந்தது ஒன்றே ஒன்று. இந்த நோய்க்கான உணவு வைத்தியத்தில் உணவை விலக்குவது பாதி; விலக்கியவற்றை ஒவ்வொன்றாகத் தட்டுக்குத் திருப்பிக் கொண்டுவருவது மறுபாதி. முதல் பாதியை நம் ஊரில் எல்லோரும் செய்கிறார்கள். இரண்டாம் பாதியைச் செய்பவர் அரிது.

நோயை அடையாளம் காணுதல்

வயிற்றுவலி எல்லாம் இந்த நோய் ஆகாது. 2016இல் வெளியான ரோம் அளவுகோலின் நான்காம் பதிப்பு இதற்கு எல்லை வகுத்திருக்கிறது. கடைசி மூன்று மாதங்களில் சராசரியாக வாரம் ஒரு நாளாவது வயிற்றுவலி இருக்க வேண்டும். அந்த வலி மலம் கழிப்பதோடு தொடர்புடையதாகவோ, கழிக்கும் தடவையோ மலத்தின் தன்மையோ மாறுவதோடு சேர்ந்து வருவதாகவோ இருக்க வேண்டும். இந்த மூன்றில் இரண்டு பொருந்த வேண்டும். தொல்லை தொடங்கி ஆறு மாதமாவது ஆகியிருக்க வேண்டும். சிலருக்கு மலச்சிக்கல், சிலருக்குக் காலையில் மூன்று நான்கு தடவை ஓட்டம், சிலருக்கு இரண்டும் மாறி மாறி. 33 நாடுகளில் 73,000க்கும் மேற்பட்டோரிடம் நடத்தி 2021இல் வெளியிட்ட ஆய்வில், இணையவழி விடையளித்தவர்களுள் நூற்றுக்கு நான்கு பேர் இந்தக் கடுமையான எல்லைக்குள் வந்தார்கள். ஆக, இது அரிய நோயும் இல்லை. பணக்கார நாட்டு நோயும் இல்லை.

உணவைப் பற்றிப் பேசுமுன் ஓர் எச்சரிக்கை. மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைதல், ரத்தசோகை, விடாத காய்ச்சல், தூக்கத்திலிருந்து எழுப்பும் பேதி, ஐம்பதை நெருங்கும் வயதில் புதிதாகத் தொடங்கும் மாற்றம், குடும்பத்தில் குடல் புற்றுநோய்: இவற்றில் ஒன்று இருந்தாலும் பத்தியத்தை ஒத்திவைத்துவிட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும். குடல் காசநோய் நம் நாட்டில் இன்றும் உண்டு. பெண்களுக்கு விடாத வயிற்று உப்புசம் சூலகப் புற்றின் முதல் அடையாளமாகவும் இருக்கலாம். கோதுமைப் புரதமான குளூட்டனால் சிறுகுடல் சிதையும் சீலியாக் நோயையும் ரத்தப் பரிசோதனை செய்து விலக்கிவிட வேண்டும். 2016இல் வந்த இந்திய ஆய்வொன்று இந்த நோயை வட இந்தியாவில் 1.23 சதவீதம் பேரிடமும் தெற்கில் 0.10 சதவீதம் பேரிடமும் கண்டது. நமக்குக் குறைவுதான், ஆனால் இல்லாமல் இல்லை. கோதுமையை நிறுத்தியபின் அந்தப் பரிசோதனை செய்தால் நோய் இருந்தும் தெரியாமல் போகலாம். முதலில் பரிசோதனை, பிறகு பத்தியம்.

வாயு கூடுதலா, உணர்வு கூடுதலா?

'எனக்கு மட்டும் ஏன் இவ்வளவு வாயு?' என்பது எல்லோரும் கேட்கும் கேள்வி. இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் ஆய்வாளர்கள் இதற்கு எம்.ஆர்.ஐ. படத்தின் வழியே விடை தேடினார்கள். நோயாளிகளுக்கும் நலமாக இருப்பவர்களுக்கும் குடலில் புளிக்கும் ஒரே சர்க்கரையைக் கொடுத்துப் பெருங்குடலில் சேரும் காற்றை அளந்தார்கள். 2017இல் வெளியான முடிவு: இரு தரப்பிலும் காற்றின் அளவில் பெரிய வேறுபாடு இல்லை. வேறுபட்டது வலிதான். இந்த அரங்கில் நான் பேசும் குரல் ஒன்றுதான். ஒலிபெருக்கியின் குமிழை யாரோ கூட்டித் திருகிவிட்டால் அதே குரல் காதைக் குத்தும். எரிச்சல் குடலில் நடப்பது அதுதான்.

அந்தக் குமிழ் மூளைக்கும் குடலுக்கும் இடையே இருக்கிறது. 1822இல் அமெரிக்காவின் மேக்கினாக் தீவில் அலெக்சிஸ் செயின்ட் மார்ட்டின் என்ற இளைஞருக்குத் துப்பாக்கிக் குண்டு பட்டு வயிற்றில் துளை விழுந்தது. புண் ஆறியது, துளை மூடவில்லை. வைத்தியம் பார்த்த ராணுவ மருத்துவர் வில்லியம் பியூமான்ட் அந்தத் துளை வழியாகப் பல ஆண்டுகள் இரைப்பையைக் கவனித்து 1833இல் நூலாக்கினார். அந்த இளைஞர் கோபப்படும்போது செரிமானம் கெடுவதை அவர் குறித்து வைத்திருக்கிறார். பரீட்சை நாள் காலையில் கழிப்பறைக்கு ஓடும் மாணவர்களுக்கு இதற்கு மேல் சான்று வேண்டியதில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். உணவு இரைப்பைக்குள் இறங்கியதும் பெருங்குடல் அசையத் தொடங்குவது எல்லா உடம்புக்கும் இயல்பு. குமிழ் கூடியிருப்பவருக்கு இந்த அசைவும் வலுவாக இருக்கும். இட்லி சாப்பிட்ட கால் மணி நேரத்தில் எழுந்து ஓடுபவர் 'இட்லி சேரவில்லை' என்கிறார். அப்போது வெளியேறுவது நேற்றோ முந்தாநாளோ உண்டது. இப்படித்தான் குற்றமற்ற உணவுகள் ஒவ்வொன்றாகத் தண்டிக்கப்படுகின்றன. இட்லி போய், தோசை போய், தயிர் போய், கடைசியில் கஞ்சியும் அப்பளமும் மிஞ்சுகின்றன.

மெல்போர்னிலிருந்து வந்த முறை

இந்தக் குழப்பத்துக்கு ஒழுங்கு கொடுத்தது ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரிலுள்ள மோனாஷ் பல்கலைக்கழகம். பீட்டர் கிப்சன் என்ற குடல் மருத்துவரும் சூ ஷெப்பர்டு என்ற உணவியலாளரும் 2005இல் ஃபாட்மேப் என்ற பெயரை முன்வைத்தார்கள். சிறுகுடலில் சரியாக உறிஞ்சப்படாமல் பெருங்குடலுக்குப் போய்ப் புளிக்கும் சிறு சர்க்கரைகளின் கூட்டுப்பெயர் அது. வெங்காயம், பூண்டு, கோதுமை ஆகியவற்றில் உள்ள ஃபிரக்டான், பருப்பு, கடலை வகைகளில் உள்ள காலக்டோ சர்க்கரைகள், பாலின் லாக்டோஸ், மாம்பழத்திலும் தேனிலும் மிகுந்திருக்கும் ஃபிரக்டோஸ், காலிஃபிளவர், காளான் போன்றவற்றில் உள்ள சர்க்கரை ஆல்கஹால்கள். இவை நீரை இழுத்துக் குடலை நிறைக்கும். நுண்ணுயிரிகள் இவற்றைப் புளிக்கவைத்துக் காற்றை எழுப்பும். குடல் விரியும். விரிவைத் தாங்காத குடல் வலிக்கும்.

2014இல் அதே குழுவினர் 30 நோயாளிகளுக்கு எல்லா வேளை உணவையும் தாங்களே சமைத்துக் கொடுத்தார்கள். 21 நாள் வழக்கமான ஆஸ்திரேலிய உணவு, 21 நாள் ஃபாட்மேப் குறைந்த உணவு. குறைந்த உணவில் தொல்லை ஏறத்தாழப் பாதியானது.

கோதுமை மேல் விழுந்த பழியும் இதே வழியில் தெளிந்தது. 2018இல் நார்வேயின் ஆஸ்லோவில், குளூட்டன் ஒத்துக்கொள்ளவில்லை என்று தாங்களாகவே கோதுமையை விட்டிருந்த 59 பேருக்கு, உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லாமல் தின்பண்டம் கொடுத்துப் பார்த்தார்கள். தொல்லை தந்தது ஃபிரக்டான், குளூட்டன் இல்லை. சர்க்கரை நோய்க்காக இரவில் சப்பாத்திக்கு மாறி, மாறிய நாளிலிருந்து வயிறு பொருமுகிறது என்று சொல்லும் நம் பெரியவர்களை இந்த ஆய்வோடு சேர்த்துப் பார்க்கலாம். மாவுப்பொருள்களுள் ஏறக்குறைய முழுவதும் உறிஞ்சப்படுவது அரிசி. அரிசியைப் பழிக்கும் காலத்தில் அதன் இந்தக் குணத்தையும் சொல்லத்தான் வேண்டும்.

நம் அடுப்பங்கரையில்

மெல்போர்ன் பட்டியலைப் படித்ததும் நம்மவர் சோர்ந்துபோவார்கள். சாம்பார் என்பதே துவரம்பருப்பும் சின்ன வெங்காயமும் தானே! ஆனால் நம் சமையலுக்குள்ளேயே வழிகள் இருக்கின்றன. கோயில் மடைப்பள்ளியிலும் பல வீடுகளின் திவசச் சமையலிலும் வெங்காயம், பூண்டு சேர்ப்பதில்லை. புளியோதரையும் மிளகு ரசமும் வெங்காயத்தின் தயவில் நிற்பவை அல்ல. வெங்காய மணத்தை ஈடுசெய்யப் பெருங்காயம் இருக்கிறது. கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் மைதாவோ அரிசி மாவோ கலந்திருக்கும். சீலியாக் நோயாளிகள் டப்பாவைத் திருப்பிப் படித்தே வாங்க வேண்டும். மற்றவர்களுக்குச் சிட்டிகை அளவில் கவலையில்லை.

ஃபிரக்டான் நீரில் கரையும், எண்ணெயில் கரையாது. இந்த ஒரு செய்தியை வைத்துச் சமையலைத் திருத்தலாம். பூண்டுப் பல்லை எண்ணெயில் வதக்கி, மணம் இறங்கியதும் பல்லை எடுத்துவிட்டு அந்த எண்ணெயில் தாளிக்கலாம். பூண்டைத் தட்டிப் போட்டு ரசம் கொதிக்கவைத்துவிட்டு, இலையில் பல்லை மட்டும் ஒதுக்குவதால் பயனில்லை. கரைய வேண்டியது ரசத்தில் கரைந்துவிட்டது. வெங்காயத்தாளில் வெள்ளைப் பகுதியை விட்டுப் பச்சைப் பகுதியைச் சேர்க்கலாம்.

பருப்பிலும் இதே கணக்கு. இரவெல்லாம் ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டுப் புது நீரில் வேகவைத்தால் வாயு உண்டாக்கும் சர்க்கரையில் ஒரு பகுதி நீரோடு போய்விடும். கொண்டைக்கடலையை ஊறவைத்த நீரிலேயே வேகவைப்பவர்கள் சத்துப் போகக்கூடாதென்று செய்கிறார்கள். இந்த நோய் இருப்பவர்கள் அதை மாற்றிக்கொள்ள வேண்டும். மாவு புளிக்கும்போதும் உளுந்தின் அந்தச் சர்க்கரைகள் ஓரளவு குறைகின்றன. ஆகவே இட்லியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுமுன் தொட்டுக்கொண்ட வெங்காயச் சட்னியை விசாரிக்கலாம்.

பால் பற்றி இரு சொல். தென்னிந்தியரில் பெரும்பாலோருக்கு வளர்ந்தபின் பால் சர்க்கரையைச் செரிக்கும் லாக்டேஸ் நொதி குறைந்துவிடுகிறது. அதற்காகக் காபியில் ஊற்றும் கொஞ்சம் பாலுக்குப் பயப்பட வேண்டியதில்லை. பெரிய டம்ளர் பால், பாயசம், பால்கோவா, இவைதான் சோதிக்கும். தயிரில் லாக்டோஸ் குறைவு. நீர்மோரில் தண்ணீர் சேர்வதால் ஒரு டம்ளருக்கு இன்னும் குறைவு. காலையில் வெறும் வயிற்றில் குடிக்கும் கெட்டிக் காபியில் பாலைவிடக் காபியே குடலை வேகமாக அசைக்கிறது. ஓட்டம் உள்ளவர்கள் காபியை இட்லிக்குப் பின்னால் தள்ளிப் பார்க்கலாம்.

கத்தரி, கேரட், வெள்ளரி, தக்காளி, இஞ்சி, மிளகு, சீரகம், முட்டை, மீன், பப்பாளி, ஆரஞ்சு: விலக்கும் காலத்திலும் இலை வெறுமையாக இருக்காது. 'ஆரோக்கியமானது' என்று எல்லோரும் சொல்லும் சிலவற்றில்தான் கவனம் வேண்டும். இளநீரில் சார்பிட்டால் இருக்கிறது. அரை டம்ளர் ஒத்துக்கொள்ளும், இரண்டு காய் ஒத்துக்கொள்ளாது. வாழைப்பழம் பழுக்கப் பழுக்க ஃபிரக்டான் கூடும். சர்க்கரைக்குப் பதில் தேன் என்பது இந்த நோய்க்குப் பொருந்தாத அறிவுரை.

நார் எல்லாம் ஒன்றல்ல

உகாண்டாவில் நெடுங்காலம் பணியாற்றிய ஐரிஷ் அறுவை மருத்துவர் டெனிஸ் பர்கிட், ஆப்பிரிக்கக் கிராமத்தாரின் நார் மிகுந்த உணவையும் அவர்களிடம் குடல் நோய்கள் அரிதாக இருந்ததையும் இணைத்து 1970களில் உலகுக்குச் சொன்னார். அதன்பின் வயிற்றில் எந்தக் கோளாறு என்றாலும் 'தவிடு சாப்பிடு' என்பது பொது மந்திரமானது. நெதர்லாந்தில் 275 நோயாளிகளை மூன்று பிரிவாக்கி 12 வாரம் சோதித்தார்கள். ஒரு பிரிவுக்கு இசப்கோல், ஒன்றுக்குக் கோதுமைத் தவிடு, மருந்தற்ற ஒப்பீட்டுப் பிரிவுக்கு அரிசி மாவு, எல்லாம் தினம் 10 கிராம். 2009இல் வந்த முடிவில் இசப்கோல் உதவியது. தவிடு உதவவில்லை, தொல்லை கூடியதால் தவிட்டுப் பிரிவிலிருந்து பலர் விலகிக்கொண்டார்கள்.

குஜராத்தில் விளைந்து உஞ்ஜா சந்தை வழியாக உலகெங்கும் போகும் இந்த விதை உமி நீரில் கரைந்து கூழாகும், மெதுவாகவே புளிக்கும். சிக்கலுக்கும் ஓட்டத்துக்கும் பொருந்துவது அதனால்தான். கொஞ்சமாகத் தொடங்கி, நிறையத் தண்ணீரோடு, வாரக்கணக்கில் கூட்ட வேண்டும். ஒரே நாளில் சிறுதானியத்துக்கும் தீட்டாத அரிசிக்கும் முழுதாக மாறி வயிறு ஊதிப்போனவர்கள் தானியத்தைக் குறை சொல்வதைவிட மாறிய வேகத்தைக் குறைக்கலாம்.

இயற்கை வைத்தியத்தை எடைபோடுதல்

மருந்துக் குப்பியில்லாத வழிகளில் சில நன்றாகவே சோதிக்கப்பட்டவை. புதினா இனத்துப் பெப்பர்மின்ட் எண்ணெய், குடலில் போய்க் கரையும் உறையில் கொடுத்தால், குடல் தசையின் இறுக்கத்தைத் தளர்த்தி வலியைக் குறைக்கிறது. நெஞ்செரிச்சல் உள்ளவர்களுக்கு அது எரிச்சலைக் கூட்டலாம். 2018இல் ஜெர்மனியில் 59 நோயாளிகளில் ஒரு பாதிக்கு ஃபாட்மேப் குறைந்த உணவும் மறுபாதிக்கு யோகாவும் 12 வாரம் கொடுத்தார்கள். இரு தரப்பும் முன்னேறின. ஒன்றைவிட ஒன்று மேல் என்று சொல்ல முடியவில்லை. பியூமான்ட் கண்டதை இன்னொரு முனையிலிருந்து உறுதி செய்யும் முடிவு இது.

இதே துறையில் நம்மை அடக்கமாக இருக்கச் சொல்லும் ஆய்வும் ஒன்று உண்டு. ஹார்வர்டைச் சேர்ந்த டெட் கப்சக் 2010இல் 80 நோயாளிகளில் ஒரு பிரிவிடம், 'இதில் மருந்து எதுவும் இல்லை' என்று வெளிப்படையாகச் சொல்லியே வெற்று மாத்திரை கொடுத்தார். மூன்று வாரத்தில் அந்தப் பிரிவில் 59 சதவீதம் பேர் போதிய நிவாரணம் கிடைத்ததாகச் சொன்னார்கள். மாத்திரை இல்லாத பிரிவில் 35 சதவீதம் பேர். இந்த நோயில் எந்தக் கஷாயத்துக்கும் 'எனக்குக் குணமாச்சு' என்று சாட்சி சொல்ல ஆள் கிடைப்பது இதனால்தான். சாட்சி பொய் சொல்லவில்லை. ஆனால் அந்தச் சாட்சியை வைத்து மருந்தை நிறுவ முடியாது.

செடியிலிருந்து வந்ததால் தீங்கில்லை என்பதும் சரியில்லை. திருநெல்வேலிப் பெயரோடு உலகச் சந்தைக்குப் போகும் சென்னா இலை, நம் நிலாவாரை, வலுவான பேதி மருந்து. நாள்தோறும் வருடக்கணக்கில் எடுத்தால் குடல் பிசையும். உடலின் பொட்டாசியம் குறையும். 'வயிற்றைச் சுத்தம் செய்யும்' பொடிகள் பலவற்றில் இது இருக்கிறது. சீந்தில் கொடியைத் தொடர்ந்து உட்கொண்ட சிலருக்குக் கல்லீரல் பாதிக்கப்பட்டதாக 2021இல் மும்பை மருத்துவர்கள் அறிக்கை வெளியிட்டார்கள். ஆயுஷ் அமைச்சகம் அதை ஏற்கவில்லை. சர்ச்சை ஒருபுறம் இருக்கட்டும். நீங்கள் குடிக்கும் கஷாயத்தின் பெயரை உங்கள் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

பத்தியத்துக்கு முடிவு உண்டு

இப்போது என் முதன்மைக் கருத்துக்கு வருகிறேன். மோனாஷ் முறையில் விலக்கும் காலம் இரண்டு முதல் ஆறு வாரம் மட்டுமே. அதற்குள் பலன் தெரியாவிட்டால் பத்தியத்தைக் கைவிட்டுப் பழைய உணவுக்குத் திரும்பி, வேறு வழி பார்க்க வேண்டும். பலன் தெரிந்தால் உணவுகளை ஒவ்வொரு வகையாகத் திருப்பிச் சேர்த்துச் சோதிக்க வேண்டும். ஒரு வாரம் பருப்பு மட்டும்: முதல் நாள் ஒரு கரண்டி, மறுநாள் இரண்டு, அதற்கடுத்த நாள் ஒரு கிண்ணம். பிறகு இரண்டு மூன்று நாள் இடைவெளி. அடுத்து வெங்காயம், அடுத்து பூண்டு, அடுத்து கோதுமை, அடுத்து பால், அடுத்து மாம்பழம். ஒன்றைச் சோதிக்கும்போது மற்றவை விலக்கிலேயே இருக்க வேண்டும். அளவையும் விளைவையும் ஒரு நோட்டில் எழுத வேண்டும். பெரும்பாலோருக்கு எல்லாமே ஒத்துக்கொள்ளாமல் போவதில்லை. இரண்டு மூன்று வகைகள், அவையும் ஓர் அளவைத் தாண்டினால்தான். காலையில் வெங்காயச் சட்னி, மதியம் சாம்பார், இரவில் சப்பாத்தியோடு பருப்புக் கூட்டு என்று ஒரே நாளில் எல்லாம் சேரும்போது வயிறு பொருமுகிறது.

ஏன் திருப்பிச் சேர்க்க வேண்டும்? லண்டன் கிங்ஸ் கல்லூரியில் 41 நோயாளிகளிடம் நடந்து 2012இல் வெளியான ஆய்வில், நான்கு வார விலக்கிலேயே குடலுக்கு நன்மை செய்யும் பிஃபிடோ நுண்ணுயிரிகள் குறைந்திருந்தன. நம்மைத் துன்புறுத்தும் சர்க்கரைகள்தாம் அவற்றுக்கு இரை. நீண்ட விலக்கில் நாரும் கால்சியமும் குறையும். சைவ உணவுக்காரருக்குப் பருப்பு போனால் புரதமும் போகும். விருந்துக்குப் போக அஞ்சி, தனியே சாப்பிட்டு, உணவைப் பார்த்தாலே பதறும் நிலை வந்தால் நோயைவிட வைத்தியம் கொடியதாகிவிடும்.

இது நமக்குப் புதிய பாடமும் இல்லை. நம் மரபில் பத்தியம் என்றால் அதற்குக் காலவரையறை உண்டு. சித்த வைத்தியம் மருந்துக் காலம் முடிந்தபின் மறுபத்தியம் காக்கச் சொல்லி, பின்னரே வழக்கமான உணவுக்கு விடும். பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியச் சோறு போடும் பாட்டி, நாள் பார்த்து ஒவ்வொரு காயாகச் சேர்த்துக்கொண்டே போவாள். பத்தியம் முறிக்கும் நாள் என்று ஒன்று இருந்தது. கைப்பேசியில் வரும் 'சாப்பிடக்கூடாத 20 உணவுகள்' பட்டியலில் அந்த நாள் இல்லை.

யார் சமைப்பது, யார் காத்திருப்பது

நோயாளி ஆணாக இருந்தால் வீட்டில் அவருக்கென்று வெங்காயமில்லாத குழம்பு தனியே கொதிக்கும். நோயாளி சமைப்பவளாகவே இருந்தால்? இந்த நோய் பெண்களிடம் கூடுதலாகக் காணப்படுகிறது. எல்லோருக்கும் பரிமாறி மூன்று மணிக்கு மிஞ்சியதை உண்பவளிடம் பட்டியலைக் கொடுத்து அனுப்புவது வைத்தியம் ஆகாது. அவள் வேளைக்கு உண்பதும், குழம்பைத் தாளிக்குமுன் அவளுக்கு ஒரு பங்கு எடுத்துவைப்பதும் மருந்துச் சீட்டில் எழுத வேண்டிய வரிகள். கழிப்பறையும் அப்படித்தான். பள்ளியில் தண்ணீரில்லாத கழிப்பறைக்கு அஞ்சி மாலைவரை அடக்கும் மாணவிக்கும், நெடுந்தூரப் பேருந்தில் போவதென்றால் முந்தைய இரவே சாப்பாட்டை விட்டுவிடும் ஊழியருக்கும் இசப்கோல் மட்டும் விடையாகாது. மேலைக் கழிப்பறையில் அமர்பவர்கள் காலடியில் ஒரு சிறு மணை போட்டு முழங்காலை உயர்த்திக்கொண்டால் முக்குவது குறையும். இதற்குச் செலவும் இல்லை.

மருத்துவ மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். 'ரிப்போர்ட் எல்லாம் நார்மல், கவலைப்படாதீர்கள்' என்று கோப்பைத் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள். வலி உண்மை, அதற்குப் பெயர் உண்டு, வழியும் உண்டு என்று ஐந்து நிமிடம் விளக்குங்கள். உணவியலாளர் இருக்கும் மருத்துவமனையென்றால் அவரிடம் அனுப்புங்கள்.

இங்கே வந்திருக்கும் மற்றவர்களுக்கும் ஒன்று. உணவு ஆலோசனைக்குப் போகும்போது 'எதைச் சாப்பிடக்கூடாது' என்று கேட்பதோடு எழுந்து வராதீர்கள். 'விட்டதை எந்த வாரத்தில், எந்த வரிசையில், எவ்வளவு அளவில் திரும்பச் சாப்பிட்டுப் பார்ப்பது' என்றும் கேளுங்கள். அதற்கு விடை வைத்திருக்காத பத்தியத்தை, யார் சொன்னாலும், தொடங்காதீர்கள்.